இரட்டை எண்ணில் தொடங்கி மிகப் பெரிய பகா எண்ணில் முடிந்த அனுமானம்: எந்தப் படியில் பிழை?

கேள்வி
எழுதியவர்: தனிப்பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். மரபு அளவையியலை, அதாவது பழைய தர்க்கவியலை, ஆசிரியர் துணையின்றி நானே படித்து வருகிறேன். நான்கு வகை அறுதி எடுப்புகளையும் (ஒன்றைப் பற்றி மற்றொன்றை உறுதியாகக் கூறும் அல்லது மறுக்கும் கூற்றுகள்), ஒரே எடுப்பிலிருந்து வேறு எதன் உதவியும் இல்லாமல் மற்றோர் எடுப்பைப் பெறுகிற உடனனுமான முறைகளையும் ஓரளவு கற்றுவிட்டதாக நம்பியிருந்தேன். சென்ற வாரம் நானே அமைத்துக்கொண்ட ஒரு பயிற்சி அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டது.

நூலுக்கு நூல் கலைச்சொற்கள் மாறுவதால், நான் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறேன் என்பதை முதலில் கூறிவிடுகிறேன். 'எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள்' என்பது நிறைவிதி. 'எந்தத் திமிங்கிலமும் மீன் அன்று' என்பது நிறைமறை. 'சில உலோகங்கள் நீரைவிட அடர்த்தி குறைந்தவை' என்பது குறைவிதி. 'சில உலோகங்கள் காந்தத்தால் ஈர்க்கப்படுபவை அல்ல' என்பது குறைமறை. எழுவாயும் பயனிலையும் தம்முள் இடம் மாறுவதை இடமாற்றம் என்கிறேன். எடுப்பு விதியாக இருந்தால் மறையாகவும் மறையாக இருந்தால் விதியாகவும் மாற்றி, அதற்கு ஈடாகப் பயனிலையை 'அல்லாதவை' என்று ஆக்குவதை மறுமாற்றம் என்கிறேன்.

இனி என் பயிற்சி. தொடக்க எடுப்பு: 'எந்த இரட்டை எண்ணும் மிகப் பெரிய பகா எண் அன்று.' இது உண்மை என்பதில் ஐயமில்லை, ஏனெனில் 2 ஒன்றுதான் இரட்டைப் பகா எண். அதைவிடப் பெரிய பகா எண்ணாக 3 உடனே வந்து நிற்கிறது. நிறைமறை எடுப்பை அப்படியே இடமாற்றலாம் என்பது விதி. ஆகவே முதற்படியில் 'எந்த மிகப் பெரிய பகா எண்ணும் இரட்டை எண் அன்று' என்று கிடைத்தது. இரண்டாம் படியில் அதை மறுமாற்றி, 'எல்லா மிகப் பெரிய பகா எண்களும் இரட்டை அல்லாத எண்கள்' என்று எழுதினேன். நிறைவிதியை இடமாற்றும்போது 'எல்லா' என்பதைச் 'சில' என்று குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், மூன்றாம் படியில் 'இரட்டை அல்லாத எண்களுள் சில மிகப் பெரிய பகா எண்கள்' என்ற முடிவு வந்தது.

அதாவது, மிகப் பெரிய பகா எண் ஒன்று இருக்கிறது, அது ஒற்றை எண் என்று பொருள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவியிருக்கிறார். உண்மையான ஒரு கூற்றில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பாடநூல் விதியைக் கடைப்பிடித்து, பொய்யான முடிவில் நிற்கிறேன். நான் எந்த விதியைத் தவறாகப் பயன்படுத்தினேன்? அல்லது விதிகளிலேயே குறை உண்டா? என்னிடமுள்ள இரண்டாவது நூல், நிறைவிதியிலிருந்து குறைவிதியைப் பெறவே முடியாது என்கிறது. முதல் நூலோ, நான்கு எடுப்புகளையும் நான்கு மூலைகளில் வைத்து அவற்றிடையே உள்ள உறவுகளைக் காட்டும் முரண்சதுரம் முழுவதையும் அந்த உறவின்மேல் கட்டுகிறது. எதை நம்புவது?

பதில் 1
எழுதியவர்: வட்டவரை

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நீங்கள் விதிகளைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. விதிகளுக்குள் சொல்லப்படாமல் கிடக்கும் ஓர் எடுகோளை உங்கள் எடுத்துக்காட்டு வெளியே இழுத்துவிட்டது. எழுவாயாகவும் பயனிலையாகவும் வரும் பதங்கள் சுட்டும் பொருள்கள் உள்ளன என்பதே அந்த எடுகோள். பாடநூல்கள் திமிங்கிலம், உலோகம், பறவை போன்றவற்றையே எடுத்துக்காட்டாகத் தருவதால் அந்த எடுகோள் எப்போதும் நிறைவேறிவிடுகிறது; ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. 'மிகப் பெரிய பகா எண்' என்ற பதத்தின்கீழ் ஒன்றும் இல்லை. நீங்கள் வெறுமையான பதம் ஒன்றை விதிகளுக்குள் விட்டிருக்கிறீர்கள்.

படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். ஒன்று இரட்டை எண்களுக்கு, மற்றொன்று மிகப் பெரிய பகா எண்களுக்கு. நிறைமறை எடுப்பு சொல்வதெல்லாம், இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியில் ஒன்றும் இல்லை என்பதே. நடுப்பகுதி இரு வட்டங்களுக்கும் பொதுவானது என்பதால், எந்த வட்டத்திலிருந்து பார்த்தாலும் செய்தி ஒன்றுதான்; உங்கள் முதற்படி சரி. இரண்டாம் படியில், மிகப் பெரிய பகா எண்களின் வட்டத்தில் எவையேனும் இருந்தால் அவை இரட்டை எண்களின் வட்டத்திற்கு வெளியேதான் இருக்கும் என்கிறீர்கள். அதுவும் அதே செய்திதான். மூன்றாம் படியில்தான் புதிய செய்தி ஒன்று நுழைகிறது. 'சில' என்று தொடங்கும் எடுப்பு ஒரு பகுதியில் குறைந்தது ஒரு பொருளேனும் உண்டு என்று உறுதி கூறுகிறது. ஒரு பகுதி வெறுமையானது என்ற செய்தியிலிருந்து மற்றொரு பகுதி வெறுமையானதன்று என்ற செய்தியை எப்படிப் பெற முடியும்? உங்கள் மூன்றாம் படி அதைத்தான் செய்ய முயல்கிறது.

நிறைவிதியைக் குறைத்து இடமாற்றுவது உண்மையில் இரண்டு செயல்கள் சேர்ந்த ஒன்று. முதலில் 'எல்லா'விலிருந்து 'சில'வுக்கு இறங்குகிறோம்; பிறகு அந்தக் குறைவிதியை இடமாற்றுகிறோம். இரண்டாவது செயலில் எந்தத் தீங்கும் இல்லை. இறங்குவதற்குத்தான் எழுவாய் வெறுமையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை தேவைப்படுகிறது. உங்கள் இரண்டாவது நூல் சொல்வது இதைத்தான். ஜார்ஜ் பூலின் 1854ஆம் ஆண்டு நூலுக்குப் பின் வளர்ந்த குறியீட்டு அளவையியலும், ஜான் வென் 1880இல் அறிமுகப்படுத்திய வட்டப் படங்களும் வழக்கில் ஊன்றியபின், நிறை எடுப்புகள் எதனுடைய இருப்பையும் உறுதி செய்வதில்லை, குறை எடுப்புகள் மட்டுமே செய்கின்றன என்ற கொள்கையே பொதுவழக்காயிற்று.

இந்தக் கொள்கையை ஏற்றால் எவை நிற்கும், எவை விழும் என்பதை அறிவது பயன் தரும். மறுமாற்றம் நான்கு எடுப்புகளுக்கும் நிற்கும். நிறைமறையின் இடமாற்றமும் குறைவிதியின் இடமாற்றமும் நிற்கும். பயனிலையின் மறுப்பை எழுவாயாகவும் எழுவாயின் மறுப்பைப் பயனிலையாகவும் வைக்கும் எதிர்வைப்பு, நிறைவிதிக்கும் குறைமறைக்கும் நிற்கும். 'எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள்' என்பதிலிருந்து 'பாலூட்டி அல்லாதவை எல்லாம் திமிங்கிலம் அல்லாதவை' என்று பெறுவதில் எந்த இருப்பும் தேவையில்லை. முரண்சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் நிற்கும்: நிறைவிதியும் குறைமறையும் எப்போதும் ஒன்று உண்மை, மற்றது பொய், நிறைமறையும் குறைவிதியும் அப்படியே. சதுரத்தின் நான்கு பக்கங்களும் விழுந்துவிடும். வெறுமையான எழுவாய்க்கு நிறைவிதி, நிறைமறை இரண்டும் ஒருங்கே உண்மையாகும். குறைவிதி, குறைமறை இரண்டும் ஒருங்கே பொய்யாகும்.

குறைமறைக்கு இடமாற்றமே இல்லை என்பது இருப்போடு தொடர்பற்ற வேறு செய்தி. 'சில விலங்குகள் திமிங்கிலங்கள் அல்ல' என்பது உண்மை. 'சில திமிங்கிலங்கள் விலங்குகள் அல்ல' என்பது பொய். இதை இருப்புச் சிக்கலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இருப்பு எடுகோள் எழுவாயைப் பற்றியது மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். சில பழைய நூல்கள், 'எல்லாக் க-வும் ச' என்பதிலிருந்து 'க அல்லாதவற்றுள் சில ச அல்ல' என்ற முடிவைப் பெறும் முறை ஒன்றையும் கற்பிக்கின்றன. மறுமாற்றத்தையும் இடமாற்றத்தையும் மாறி மாறிச் செய்தால் அந்த முடிவு கிடைக்கும். இப்போது 'எல்லா முழு எண்களும் தமக்குத் தாமே சமமானவை' என்ற எடுப்பை அதில் இட்டுப் பாருங்கள். 'முழு எண் அல்லாதவற்றுள் சில தமக்குத் தாமே சமமானவை அல்ல' என்று வருகிறது, இது பொய். இங்கே முழு எண்களுக்குப் பஞ்சமில்லை. வெறுமையாக இருப்பது பயனிலையின் மறுப்பு: தனக்குத் தானே சமம் அல்லாதது என்று எதுவும் இல்லை. மூலத்தில் முழுப் பரப்பும் சுட்டப்படாத பதம் (தான் குறிக்கும் எல்லாப் பொருள்களையும் பற்றிப் பேசாத பதம்) எதுவும் முடிவில் முழுப் பரப்பும் சுட்டப்படக்கூடாது என்பது நாம் எல்லோரும் படித்த விதி. மேலே சொன்ன முடிவு அந்த விதியை வெளிப்படையாகவே மீறுகிறது. ஆனால் ஒவ்வொரு படியும் தனித்தனியே சரியாகத் தோன்றியதால் அந்த மீறல் கண்ணில் படவில்லை.

பதில் 2
எழுதியவர்: சொல்லாய்வு

இருப்புச் சிக்கலை மேலேயுள்ள பதில் தெளிவாக விளக்கிவிட்டதால் அதற்குள் நான் செல்லவில்லை. தமிழில் அளவையியல் பயில்பவர்கள் விதிகளில் தவறுவதைவிட, விதிக்குள் இடுவதற்கு முன் வாக்கியத்தை எடுப்பாக்கும் இடத்திலேயே மிகுதியாகத் தவறுகிறார்கள் என்பது, பல மாணவர்களின் விடைகளைப் பார்த்த அனுபவத்தில் நான் கண்டது. அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவர் 'எந்த... அன்று' என்ற அமைப்பைப் பயன்படுத்தியிருக்கிறார். அது மிகச் சரியான தேர்வு. பலர் 'எல்லாப் பறவைகளும் பறப்பவை அல்ல' என்று எழுதிவிட்டு அதை நிறைமறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த வாக்கியத்திற்கு இரண்டு பொருள்கள் உண்டு. பறவைகளுள் ஒன்றுகூடப் பறப்பதில்லை என்பது ஒன்று. பறவைகள் எல்லாமே பறக்கின்றன என்று சொல்ல முடியாது, பறவாத பறவைகளும் உண்டு என்பது மற்றொன்று. முன்னது நிறைமறை, பின்னது குறைமறை. பேச்சில் குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும். எழுத்தில் அந்த உதவி இல்லை. குறைமறையாகக் கருதப்பட்ட வாக்கியத்தை நிறைமறை என்று கொண்டு இடமாற்றினால் 'பறப்பது எதுவும் பறவை அன்று' என்ற அபத்தத்தில் முடியும். ஆகவே நிறைமறைக்கு 'எந்தப் பறவையும்... அன்று' என்றும், குறைமறைக்குப் 'பறவைகளுள் சில... அல்ல' என்றும் எழுதுவதையே வழக்கமாகக் கொள்ளுங்கள். 'எல்லா' என்பதும் 'அல்ல' என்பதும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் அங்கே நின்று, எழுதியவர் எதைக் கருதினார் என்று கேளுங்கள்.

'சில' என்ற சொல்லும் இப்படித்தான். அன்றாடத் தமிழில் சில என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஆனால் எல்லாம் அல்ல என்று தோன்றும். அளவையியலில் அதன் பொருள் குறைந்தது ஒன்று என்பது மட்டுமே, எல்லாமாகவும் இருக்கலாம். 'சில பகா எண்கள் இரட்டை எண்கள்' என்பது அளவையியலில் உண்மை, அத்தகைய எண் 2 என்ற ஒன்றே ஒன்றாக இருந்தாலும். 'சில திமிங்கிலங்கள் பாலூட்டிகள்' என்பதும் உண்மையே. அப்படியானால் மற்றத் திமிங்கிலங்கள் என்னவாயின என்று கேட்பவர், குறைவிதிக்குள் ஒரு குறைமறையையும் சேர்த்துப் படிக்கிறார். அவருக்குச் சதுரத்தில் குறை எடுப்புகள் இடம்பெறும் உறவு ஒன்றுகூடச் சரியாக அமையாது.

மூன்றாவதாக ஒன்று, இதில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. இலக்கணத்தில் பயனிலை என்பது வினையாகவும் இருக்கலாம். 'வௌவால்கள் பறக்கும்' என்பது குறையற்ற வாக்கியம். ஆனால் 'பறக்கும்' என்ற வினைமுற்றை எழுவாயின் இடத்தில் வைக்க முடியாது. ஆகவே இடமாற்றம் இயலாது. அளவையியலின் பயனிலை பெயராக இருந்தாக வேண்டும். வினையாலணையும் பெயர் இதற்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது: பறக்கும் என்பதைப் 'பறப்பவை' ஆக்கிவிட்டால், 'பறப்பவற்றுள் சில வௌவால்கள்' என்ற இடமாற்றம் இயல்பாக வருகிறது. எதிர்மறையிலும் 'பறவாதவை' என்ற பெயர் ஆயத்தமாக இருக்கிறது. 'பெங்குவின்கள் பறப்பவை அல்ல' என்பதில் மறுப்பு வாக்கியத்தின்மேல் நிற்கிறது. 'பெங்குவின்கள் பறவாதவை' என்பதில் மறுப்பு பதத்திற்குள் சென்றுவிட்டது, வாக்கியம் விதி வாக்கியமாகிவிட்டது. மறுமாற்றம் என்பது இந்த இரண்டிற்கும் இடையே சென்றுவருவதுதான். தமிழில் உடன்பாட்டுப் பெயர்ப்பயனிலை வாக்கியத்தில் இணைக்கும் சொல் எதுவும் வெளிப்படையாக வருவதில்லை என்பதால், 'அல்ல' என்ற சொல் வாக்கியத்தின் முடிவில் தனித்து நிற்கிறதா, 'அல்லாதவை' என்று பதத்தோடு ஒட்டிவிட்டதா என்பதைப் பார்த்தே எடுப்பின் தன்மையைச் சொல்லிவிடலாம்.

மறுமாற்றத்தில் 'அல்லாதவை' என்பதற்குப் பதிலாக எதிர்ச்சொல்லை இட்டுவிடுவதும் அடிக்கடி நிகழ்வது. 'எந்த முழு எண்ணின் வர்க்கமும் சுழியைவிடச் சிறியதன்று' என்பது உண்மை. இதன் மறுமாற்றம் 'முழு எண்களின் வர்க்கங்கள் எல்லாம் சுழியைவிடச் சிறியவை அல்லாதவை' என்பதே. 'எல்லாம் சுழியைவிடப் பெரியவை' என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஏனெனில் சுழியின் வர்க்கம் சுழியே.

'மட்டுமே' என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி: 'இரட்டை எண்கள் மட்டுமே 4ஆல் மீதியின்றி வகுபடுபவை' என்பதை எடுப்பாக்கினால், '4ஆல் மீதியின்றி வகுபடுபவை எல்லாம் இரட்டை எண்கள்' என்று பதங்கள் இடம் மாறி வரும், 'எல்லா இரட்டை எண்களும் 4ஆல் வகுபடும்' என்று வராது.

பதில் 3
எழுதியவர்: பழஞ்சுவடி

முதற் பதிலை எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பிழை மூன்றாம் படியில்தான் உள்ளது என்பதை ஒரே விடையாகக் கொள்வது மரபுக்கு நியாயம் செய்வதாகாது. அந்த விடையை ஏற்றால், அரிஸ்டாட்டில் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் இந்தத் துறையில் உழைத்தவர்கள் எல்லோரும் வெறுமையான பதங்களைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். அவர்களுள் பலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் விடை வேறு.

அந்த விடை இது: எழுவாய் வெறுமையானால் விதி எடுப்பு பொய், மறை எடுப்பு உண்மை. இருப்பை உறுதி செய்வது நிறை, குறை என்ற அளவு அன்று. விதி, மறை என்ற தன்மையே. குறைமறையைச் 'சில க, ச அல்ல' என்று எழுதுவதால்தான் நமக்கு அது இருப்பைக் கூறுவதுபோல் தோன்றுகிறது. அரிஸ்டாட்டில் அதை எழுதும் முறைகளுள் ஒன்று 'ஒவ்வொரு க-வும் ச என்பதில்லை' என்பது. நிறைவிதியை மறுக்கும் இந்த வடிவில், க என்று ஒன்றுமே இல்லாதபோதும் எடுப்பு உண்மையாக இருக்க முடியும்.

இப்படிப் பொருள்கொண்டால் முரண்சதுரம் ஒரு கோடும் குறையாமல் நிற்கிறது. எழுவாய் வெறுமையாக இருக்கும் நிலையில் நிறைவிதியும் குறைவிதியும் பொய், நிறைமறையும் குறைமறையும் உண்மை என்று வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நிறை எடுப்புகள் இரண்டும் ஒருங்கே உண்மையாகவில்லை. குறை எடுப்புகள் இரண்டும் ஒருங்கே பொய்யாகவில்லை. நிறைவிதி உண்மையாகும் இடத்திலெல்லாம் குறைவிதியும், நிறைமறை உண்மையாகும் இடத்திலெல்லாம் குறைமறையும் உண்மை. மூலைவிட்டங்களும் பழுதின்றி இருக்கின்றன. நிறைவிதியைக் குறைத்து இடமாற்றுவதும் சரியே, ஏனெனில் நிறைவிதி உண்மை என்றாலே எழுவாயில் ஏதோ ஒன்று இருக்கிறது.

அப்படியானால் கேள்வி கேட்டவரின் தொடர் எங்கே அறுகிறது? இரண்டாம் படியில். 'எந்த மிகப் பெரிய பகா எண்ணும் இரட்டை எண் அன்று' என்பது மறை எடுப்பு. எழுவாய் வெறுமையானதால் உண்மை. 'எல்லா மிகப் பெரிய பகா எண்களும் இரட்டை அல்லாத எண்கள்' என்பது விதி எடுப்பு. எழுவாய் வெறுமையானதால் பொய். மறையிலிருந்து விதிக்குச் சென்ற மறுமாற்றம்தான் இங்கே குற்றவாளி. சொல்லாய்வு அவர்கள் 'பறப்பவை அல்ல', 'பறவாதவை' என்று காட்டிய வேறுபாடு இந்த நோக்கில் இலக்கண வேறுபாடு மட்டுமன்று, உண்மை பொய்யையே மாற்றக்கூடிய வேறுபாடு. அரிஸ்டாட்டில் இதை அறிந்திருந்தார். 'நீதியுள்ளவன் அல்லன்' என்பதும் 'நீதியற்றவன்' என்பதும் ஒன்றல்ல, பின்னதிலிருந்து முன்னதைப் பெறலாமே தவிர முன்னதிலிருந்து பின்னதைப் பெற முடியாது என்ற கருத்து அவருடைய எழுத்துகளில் உண்டு. மறுமாற்றத்தை நான்கு எடுப்புகளுக்கும் இருவழியிலும் பொருந்தும் விதியாகக் கற்பிப்பது பிற்கால வழக்கம். பழைய சதுரத்தோடு அந்த விதியைச் சேர்த்து ஒரே பாடமாக்கியபோதுதான், கேள்வியில் கண்ட முரண் உண்டாயிற்று.

இதற்கும் ஒரு விலை உண்டு. இந்த நோக்கில் நிறைவிதியின் எதிர்வைப்பு எல்லா இடத்திலும் செல்லாது. 'எல்லா முழு எண்களும் தமக்குத் தாமே சமமானவை' உண்மை. 'தமக்குத் தாமே சமம் அல்லாதவை எல்லாம் முழு எண் அல்லாதவை' என்பது எழுவாய் வெறுமையான விதி எடுப்பு, ஆகவே பொய். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த புரிடான், வெறுமையான பதங்களைக் கருதியே எதிர்வைப்பை ஐயுற்றார். மூன்றாவது வழி ஒன்றையும் குறிப்பிட வேண்டும்: 1952இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஸ்ட்ராசன், நிறைவிதியைச் சொல்பவர் எழுவாயின் இருப்பை உறுதி கூறுவதில்லை, அதை முற்கோளாகக் கொள்கிறார் என்று வாதிட்டார். அந்த முற்கோள் பொய்த்தால் எடுப்பு உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்பது அவர் நிலை. அன்றாடப் பேச்சிற்கு இது மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஆனால் கணிதத்தில் பொருந்தாது. ஒன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே அதைப் பற்றி நிறை எடுப்புகளை நிறுவிக்கொண்டு செல்வது அங்கே அன்றாட வேலை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: தனிப்பயிற்சி

மூவருக்கும் நன்றி. பதில்களை இரண்டு முறை படித்து, தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு நூல்களும் ஒரே சொற்களுக்கு வெவ்வேறு பொருள் கொடுத்து எழுதப்பட்டவை என்பதும், ஒன்றிலிருந்து பாதியும் மற்றதிலிருந்து பாதியும் எடுத்து ஒரே தொடரில் பயன்படுத்தக்கூடாது என்பதும் இப்போது விளங்குகிறது. பழஞ்சுவடி அவர்கள் சொன்ன வகையில் பார்த்தால், என் தொடரின் முதல் இரண்டு படிகள் ஒரு கொள்கையையும் மூன்றாம் படி வேறொரு கொள்கையையும் சார்ந்து நின்றிருக்கின்றன.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். ஓர் எடுப்பு பொய் என்று கொடுத்து மற்ற மூன்றின் நிலையைக் கேட்கும் பயிற்சிகளில் தடுமாறுகிறேன். 'சூரியக் குடும்பத்தின் எல்லாக் கோள்களும் துணைக்கோள் உடையவை' என்பது பொய் என்று கொண்டேன்; புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோள் இல்லை. நிறைவிதி பொய் என்பதால் நிறைமறை உண்மை என்று விடை எழுதினேன். ஆனால் 'எந்தக் கோளும் துணைக்கோள் உடையதன்று' என்பது வெளிப்படையாகவே பொய். நமக்கே ஒரு நிலா இருக்கிறது. இங்கே கோள்கள் வெறுமையான பதம் அல்லவே, பிறகு ஏன் இப்படி?

பதில் 4
எழுதியவர்: வட்டவரை

பழஞ்சுவடி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். பிழை மூன்றாம் படியில் என்று நான் சொன்னது, நான் விவரித்த கொள்கையின்படி மட்டுமே சரி. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

கோள்கள் பற்றிய உங்கள் கேள்விக்கும் இருப்புக்கும் தொடர்பில்லை. நிறைவிதியும் நிறைமறையும் ஒருங்கே உண்மையாக முடியாத இணை. ஒருங்கே பொய்யாவதற்குத் தடையில்லை. நீங்கள் அவற்றை மூலைவிட்ட இணைபோல் கொண்டுவிட்டீர்கள். நிறைவிதி பொய் என்பதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது குறைமறையின் உண்மை ஒன்றுதான்: சில கோள்கள் துணைக்கோள் உடையவை அல்ல. நிறைமறையும் குறைவிதியும் அந்தச் செய்தியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதவை. வானியலிலிருந்து நாம் அறிந்திருப்பது வேறு, கொடுத்த எடுப்பிலிருந்து பெறக்கூடியது வேறு. விடைத்தாளில் 'உறுதி செய்ய இயலாது' என்று எழுத வேண்டிய இடம் இது. மறுபுறம், குறை எடுப்பு ஒன்று பொய் என்று கொடுத்தால், சதுரம் முழுவதும் நிற்கும் மரபு நோக்கில் மற்ற மூன்றும் தீர்ந்துவிடும். 'சில திமிங்கிலங்கள் மீன்கள்' பொய் என்றால், நிறைமறை உண்மை, அதனால் நிறைவிதி பொய், குறைமறை உண்மை. உண்மையிலிருந்து தொடங்கினால் நிறை எடுப்பும், பொய்யிலிருந்து தொடங்கினால் குறை எடுப்பும் மிகுதியான செய்தியைத் தருகின்றன.

உங்கள் முதற் பயிற்சிக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தொடரின் தொடக்கத்திலேயே 'மிகப் பெரிய பகா எண் ஒன்று உண்டு' என்பதைத் தனி எடுகோளாக எழுதிக்கொண்டு மூன்று படிகளையும் மீண்டும் செய்து பாருங்கள். இப்போது எந்தக் கொள்கையின்படியும் எல்லாப் படிகளும் செல்லும். பொய்யான முடிவுக்கு நீங்கள் எழுதிய முதல் வரியே பொறுப்பேற்கும். பகா எண்கள் எத்தனை கொடுத்தாலும் அவற்றுள் சேராத மற்றொன்று உண்டு என்று யூக்ளிட் நிறுவியபோது மறுக்கப்பட்டது அந்த வரிதான்.